உறுப்பு ஒன்றைச் செய்வித்துக்கொள்ளும் முறை

நெசவாளர்க்குத் தறி நின்றால் அன்றைய கூலி நின்றது. விவசாயிக்கு மோட்டார் நின்றால் அன்றைய தண்ணீர் நின்றது. இதனை நம் அங்கத்தினர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் யந்திரம் நிற்பதற்குப் பல சமயங்களில் காரணமாயிருப்பது பெரும் பழுது அன்று; உள்ளங்கையில் அடங்கும் ஏதேனும் ஒரு சிறு உறுப்பின் தேய்மானமே. தார் சுற்றும் யந்திரத்தின் பற்சக்கரம், டாபிப் பெட்டியின் ஒரு கொக்கி, விதைப்புக் கருவியின் தட்டு ஆகிய இவற்றில் ஒன்று உடைந்தால் மற்றவையெல்லாம் நன்றாயிருந்தும் பயனில்லை. கடைக்குச் சென்று கேட்டால், "அந்த மாடல் இப்போது வருவதில்லை" என்ற விடையே கிடைக்கும். பற்சக்கரம் ஒன்றுக்காக யந்திரம் முழுவதையும் மாற்றும் நிலை இவ்வாறுதான் உண்டாகிறது.

இத்தகைய உறுப்பை ஒன்றே ஒன்றாயினும் நாம் கொடுக்கும் வரைபடத்தின்படி செய்து தரும் தொழிற்கூடங்கள் இந்நாளில் உள்ளன. 'ராபிட் புரோட்டோடைப்பிங்' என்று தொழில்துறையினர் வழங்கும் இம்முறையை 'விரைவு மாதிரி ஆக்கம்' என நாம் சொல்லலாம். வரைபடத்தை இணையத்தின் வழியே அனுப்பினால் விலைப்புள்ளி வந்துவிடும். பணம் கட்டினால் சில நாட்களில் உறுப்பு தபாலிலோ கூரியரிலோ வந்து சேரும். வசதி பெரிதுதான். எனினும் கேட்கத் தெரியாமல் கேட்டால் பணமும் நாளும் வீணாகும். எப்படிக் கேட்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாதிரி உறுப்பு என்பது யாது?

முற்காலத்தில் வார்ப்படச் சாலையில் ஓர் உறுப்பு வார்க்க வேண்டுமானால், முதலில் தச்சர் மரத்தில் அதன் படிவத்தைச் செய்வார். அப்படிவத்தை மணலில் பதித்து, அப்பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பது அத்தச்சர்க்குத் தெரியும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஆகையால் 100 மில்லி மீட்டர் நீளம் வேண்டுமானால் படிவத்தை 101 மில்லி மீட்டராகச் செய்வார். மாதிரி செய்து பார்த்து, பின்னர்ப் பல செய்வது நம் நாட்டுப் பட்டறைகளுக்குப் புதிது அன்று.

புதிது யாதெனில், மரத்தைச் செதுக்காமலே கணிப்பொறியில் வரைந்த உருவத்தை யந்திரமே நேராக உண்டாக்கிவிடுவதுதான். அமெரிக்காவில் சக் ஹல் என்பவர், ஒளி பட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக இறுகச் செய்து உருவம் ஆக்கும் முறைக்கு 1984-ஆம் ஆண்டில் விண்ணப்பித்து 1986-இல் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-இல் விண்ணப்பித்தார். இந்த இரண்டாவது முறையின் மூலக் காப்புரிமை 2009-இல் முடிவுற்றது. அதன் பின்னர் அவ்வகை யந்திரங்கள் மலிந்து, கல்லூரிகளிலும் சிறு பட்டறைகளிலும் இடம்பெறலாயின.

கிராமத்துக்கும் இத்தொழிலுக்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டா. மகாராஷ்டிரத்தில் பாபல் என்னும் கிராமத்தில் எஸ். எஸ். கல்பாக் அவர்கள் 1983-இல் நிறுவிய விஞ்ஞான் ஆசிரமத்தில், 2002-ஆம் ஆண்டிலேயே 'ஃபேப் லேப்' எனப்படும் கணிப்பொறிப் பட்டறை தொடங்கப்பட்டது.

இம்முறையைப் பலரும் 'முப்பரிமாண அச்சு' என்கின்றனர். தறியில் பாவிழைகளை இடம்விட்டு நிறுத்தும் அச்சோடு இதனைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

நாம் கற்ற பாடம்

நம் சங்கத்தில் மின்சாரத்தால் ஓடும் தார் சுற்றும் யந்திரத்தின் பற்சக்கரம் ஒன்று பல் உடைந்து போயிற்று. உடைந்த சக்கரத்தையே ஒரு தொழிற்கூடத்துக்கு அனுப்பி, "இதைப் போல் ஒன்று செய்து தருக" என எழுதினோம். ஐந்தாம் நாள் சக்கரம் வந்தது. பார்வைக்கு அழகாயிருந்தது, பொருத்தினோம், ஓடியது. தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில், சூடேறிய மோட்டாரின் அருகே இரண்டு நாள் ஓடிய பின், மூன்றாம் நாள் அதன் பற்கள் வளைந்து நழுவத் தொடங்கின. அன்று தார் சுற்ற வந்த பெண்கள் வேலையின்றித் திரும்பினர். தார் இல்லாமையால் மறுநாள் தறிகளும் காத்திருந்தன.

தொழிற்கூடத்தாரைக் குறை கூறியே கடிதம் எழுதினோம். அவர்கள் எழுதிய பதில் எங்களைச் சிந்திக்க வைத்தது. "சக்கரம் எங்கே ஓடும் என்பதைத் தாங்கள் தெரிவிக்கவில்லை, ஆகையால் விலை குறைந்த பொருளில் செய்தோம்" என்பதே அதன் கருத்து. அவர்கள் உபயோகித்தது பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக். அது 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும் தன்மையது. குற்றம் நம்முடையதே. செய்பவர் நம் மனத்தில் இருப்பதைச் செய்வதில்லை. நாம் எழுதியதையே செய்கிறார். எழுதாததை அவர் தம் வசதிப்படி நிரப்பிக்கொள்வார். இவ்வொரு பாடத்தை அங்கத்தினர் மனத்தில் இருத்திக்கொண்டால், இனிக் கூறுவன எல்லாம் எளிதில் விளங்கும்.

எம்முறை எதற்கு?

செய்யும் முறைகள் பல. அவற்றுள் நமக்கு வேண்டியவை ஐந்து.

முதலாவது, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குவது. ஓர் அடுக்கு 0.2 மில்லி மீட்டர் அளவாயிருக்கும். விலை குறைவு, அளவும் பொருத்தமும் சரிபார்க்க ஏற்றது. ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே வலிமை குறைவு. விறகு நாரின் போக்கில் எளிதாகப் பிளப்பது போல, இவ்வுறுப்பும் அடுக்கின் போக்கில் பிளக்கும். ஆகையால் விசை எத்திசையில் விழும் என்பதைச் செய்பவருக்குத் தெரிவிப்பது அவசியம்.

இரண்டாவது, நைலான் பொடியை லேசர் கதிரால் உருக்கி ஒட்டச் செய்வது. இழை முறையைவிட எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய ஒரே சீரான வலிமை உடையது. சிறு பற்சக்கரம், கொக்கி, வழிகாட்டி முதலியவற்றுக்குத் தகுந்தது. நைலான் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருக்கும். மழைக்காலத்தில் இறுகிப் போகாதபடி இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஒளியால் திரவத்தை இறுகச் செய்வது. மிக நுண்ணிய உருவமும் வழவழப்பும் கிடைக்கும். ஆயினும் சாதாரணத் திரவங்களால் ஆனவை எளிதில் நொறுங்குபவை. ஓயாது அடிபடும் உறுப்புக்கு ஆகா.

நான்காவது, கெட்டியான உலோகக் கட்டியையோ நைலான் கட்டியையோ கணிப்பொறி ஆணைப்படி கடைந்து எடுப்பது. மேற்கூறிய மூன்றையும்விட வலிமையும் அளவுத் துல்லியமும் மிகுதி. அதற்கேற்ப விலையும் மிகுதி. தண்டு, புஷ், பாரம் தாங்கும் சக்கரம் ஆகியவற்றுக்கு இதுவே தக்கது.

ஐந்தாவது, எஃகிலோ அலுமினியத்திலோ அச்சுவார்ப்பு ஒன்றைச் செய்து, அதில் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திப் பல உறுப்புகளை எடுப்பது. அச்சுவார்ப்புக்குப் பெருந்தொகை ஆகும். பின்னர் ஒவ்வொன்றும் மிக மலிவு.

விவசாய அங்கத்தினர்க்கு முதல் முறை எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். விதைப்புக் கருவியில் விதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் தட்டில் சிறு குழிகள் உண்டு. உளுந்துக்கு ஏற்ற குழி நிலக்கடலைக்கு ஆகாது. குழி பெரிதானால் இரண்டு விதை விழும். சிறிதானால் விழாமலே போகும். இம்முறையில் அச்சுவார்ப்புச் செலவு இல்லாமையால், மூன்று வெவ்வேறு குழி அளவுகளில் மூன்று தட்டுகளை ஒரே சமயத்தில் செய்வித்து, களத்துமேட்டில் விதையைப் போட்டுச் சுழற்றி எண்ணிப் பார்க்கலாம். சரியானது எது என்று கண்ட பின்னர் அதனையே உறுதியான பொருளில் செய்வித்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உடைந்தால் மனிதர்க்குத் தீங்கு விளைவிக்கும் இடங்களில் இத்தகைய மாதிரி உறுப்புகளைப் பொருத்தலாகாது. காற்றழுத்தம் தாங்கும் தெளிப்பான் தொட்டி, கிணற்றில் ஆள் இறங்கும் உருளை, வண்டியின் பிரேக் ஆகியவை அவ்வகையின.

அளவெடுத்தல்

அளவெடுப்பதற்கு வெர்னியர் காலிப்பர் ஒன்று சங்கத்தில் இருத்தல் வேண்டும். அடிக்கோலால் எடுத்த அளவு இங்கே உதவாது. தேய்ந்த உறுப்பை அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே அளந்ததாகும். ஆகையால் உராயாத பக்கத்தை அளக்க வேண்டும். அல்லது அதே யந்திரத்தில் தேயாத ஜோடி உறுப்பு இருந்தால் அதனை அளக்க வேண்டும். ஓர் அளவை மூன்று முறை எடுத்து ஒப்பிடுவது நலம்.

பற்சக்கரத்துக்கு ஒரு சிறு கணக்கு உண்டு. பற்களை எண்ணுக, அதனோடு 2 கூட்டுக, சக்கரத்தின் வெளிவிட்டத்தை அத்தொகையால் வகுக்க. கிடைப்பதே 'மாட்யூல்' எனப்படும் பல்லளவு. நம் சக்கரத்துக்குப் பற்கள் 30, வெளிவிட்டம் 47.6 மில்லி மீட்டர். 47.6-ஐ 32-ஆல் வகுத்தால் 1.4875 வருகிறது. அப்படி ஒரு பல்லளவு வழக்கில் இல்லை, வழக்கிலுள்ள 1.5-க்கு அது மிக நெருங்கியது. எனவே மூல விட்டம் 48 மில்லி மீட்டர் என்றும், 0.4 மில்லி மீட்டர் தேய்ந்து போயிற்று என்றும் அறிந்தோம். தேய்ந்த அளவையே எழுதியிருந்தால் புதுச் சக்கரமும் பிறக்கும்போதே தேய்ந்ததாயிருக்கும். அங்குலக் கணக்கில் செய்யப்பட்ட பழைய யந்திரங்களில் பல்லளவு வேறு வழியில் குறிக்கப்படும். ஆதலால் விடை 1, 1.25, 1.5, 2 போன்ற எண்களுக்கு அருகில் வாராவிடில், செய்பவரிடம் அதனைக் கூறி ஆலோசனை பெறுக.

அடுத்தது துளை. 12 மில்லி மீட்டர் தண்டு சரியாக 12 மில்லி மீட்டர் துளையில் எளிதாக நுழையாது. மேலும் இழையை உருக்கி அடுக்கும் முறையில் துளைகள் வரைந்த அளவைவிடச் சற்றுச் சிறுத்தே வருவது இயல்பு. துளையைச் சிறிது குறைவாகச் செய்வித்து, நம் ஊர்ப் பட்டறையில் ரீமரால் தண்டுக்கு ஏற்பச் சரிசெய்வது பத்திரமான வழி. சுத்தியலால் தட்டி ஏற்றினால் வெடிப்புக் காணும்.

எந்த அளவும் மயிரிழை பிசகாமல் வாராது. எவ்வளவு பிசகலாம் என்பதை நாமே எழுத வேண்டும். எழுதாத இடங்களுக்குக் கடைசல் பட்டறைகள் பெரிதும் கைக்கொள்ளும் சர்வதேசப் பொதுத் தரத்தின் நடுத்தர வகுப்பில், 6 முதல் 30 மில்லி மீட்டர் வரையுள்ள அளவு 0.2 மில்லி மீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். 30-க்கு மேல் 120 வரையுள்ளது 0.3 வரை பிசகலாம். சக்கரத்தின் பக்கவாட்டுக்கு அது போதும். தண்டு நுழையும் துளைக்குப் போதாது. எல்லா அளவுக்கும் மிகுந்த துல்லியம் கேட்பது வீண் செலவு. பொருந்தும் இடங்களுக்கு மட்டும் கேட்பதே விவேகம்.

வரைபடமும் கடிதமும்

அளவுகளைக் கொண்டு கணிப்பொறியில் உருவம் வரையும் வேலையை அருகிலுள்ள பாலிடெக்னிக்கிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ பயின்ற இளைஞர் செய்துவிடுவர். நம் அங்கத்தினர் குடும்பங்களிலேயே அத்தகையவர் இருப்பர். அவர்களுக்கு உரிய ஊதியம் தந்து செய்விப்பது இரட்டை நன்மை.

வரைந்த உருவத்தைக் கோப்பாக அனுப்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'எஸ்.டி.எல்.' என்னும் வகைக் கோப்பு பெரிதும் வழங்குகிறது. அதில் எண்கள் உண்டு. அவை மில்லி மீட்டரா அங்குலமா என்ற குறிப்பு இல்லை. ஓர் அங்குலம் 25.4 மில்லி மீட்டர். இரண்டு அங்குலச் சக்கரத்தை 2 மில்லி மீட்டராக எண்ணிச் செய்துவிடவும் இடமுண்டு. ஆகையால் கோப்பின் பெயரிலேயே 'மி.மீ.' என்று சேர்ப்பதும், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கடிதத்தில் தனியே எழுதுவதும் வேண்டும். 'ஸ்டெப்' என்னும் வகைக் கோப்பும் கூடவே அனுப்புவது சிறந்தது. கடைசல் வேலைக்கு அதுவே ஏற்றது.

ஆர்டர்க் கடிதத்தில் அடங்க வேண்டியவை இவை: உறுப்பின் பெயர், அது எந்த யந்திரத்தில் என்ன வேலை செய்கிறது, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடும், வெயில், ஈரம், எண்ணெய், உரம், பூச்சிமருந்து இவற்றில் எது படும், விசை எத்திசையில் விழும், பொருளின் பெயர், முக்கிய அளவுகளும் அவற்றின் விலகல் வரம்பும், எண்ணிக்கை, வேண்டிய தேதி, அளவு தவறினால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பது. விலைப்புள்ளி கேட்கும்போது 1, 10, 100 என்னும் மூன்று எண்ணிக்கைக்கும் விலை கேட்க வேண்டும். ஆயத்தச் செலவு எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் செய்கூலி எவ்வளவு என்பது அப்போதுதான் விளங்கும்.

இரண்டாம் முறை இவ்வாறு எழுதியனுப்பி, நைலான் பொடியில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் வருவித்தோம். வந்ததும் அளந்து பார்த்தோம்; கையால் சுற்றிப் பார்த்தோம்; பின்னர் நூலின்றி மோட்டாரில் ஓட்டினோம்; பிறகு நூலிட்டு ஒரு வாரம் ஓட்டினோம். அதன் பின்னரே மேலும் ஆர்டர் கொடுத்தோம். முதல் மாதிரியை நம்பி உடனே ஐம்பது கேட்டிருந்தால் ஐம்பதும் வீணாகியிருக்கும்.

சேர்ந்து வாங்குவதன் பலன்

இனி, கூட்டுறவாளர் சிறப்பாகக் கருத வேண்டிய கணக்கு ஒன்று. விளக்கத்துக்காக மட்டும் சில தொகைகளைக் கொள்வோம். ஒரு சக்கரம் அடுக்கு முறையில் ரூ. 400 ஆகிறது என்றும், அச்சுவார்ப்புச் செய்ய ரூ. 60,000-உம் அதன் பின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரூ. 20-உம் ஆகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சங்கத்துக்கு 12 சக்கரம் வேண்டும். அடுக்கு முறையில் ரூ. 4,800; அச்சுவார்ப்பு முறையில் ரூ. 60,240. எது நல்லது என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கை 158-ஐ எட்டும்போது இரண்டாவது முறை முந்திக்கொள்கிறது. இருபது சங்கங்கள் கூடி, சங்கத்துக்கு 20 வீதம் 400 சக்கரம் கேட்டால், முதல் முறையில் ரூ. 1,60,000, இரண்டாம் முறையில் ரூ. 68,000. ஒரு சக்கரத்தின் விலை ரூ. 170 ஆகக் குறைந்துவிடுகிறது. தனித்து நிற்கும் சங்கம் எவ்வளவு பேரம் பேசினாலும் இந்தக் குறைப்பைப் பெற முடியாது. ஒரே யந்திரத்தை உபயோகிக்கும் சங்கங்கள் தத்தம் தேவையை ஆண்டுக்கு ஒரு முறை பட்டியலிட்டுப் பரிமாறிக்கொண்டாலே போதும்.

வரைபடம் யாருடையது?

இறுதியாகக் கூறுவது மிக முக்கியமானது. நாம் பணம் கொடுத்துச் செய்வித்த வரைபடமும் அச்சுவார்ப்பும் சங்கத்தின் சொத்து என்பதை ஆர்டர்க் கடிதத்திலேயே எழுதி ஒப்புதல் பெற வேண்டும். எழுதாவிடில் அவை செய்பவரிடமே தங்கிவிடும். அடுத்த முறை அவர் சொல்வதே விலையாகும். அவர் தொழிலை நிறுத்தினால் நாமும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவராவோம். கோப்பு, பொருளின் பெயர், விலகல் வரம்பு, செய்த தேதி, எத்தனை நாள் உழைத்தது என்னும் குறிப்பு இவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். செயலாளர் மாறினாலும் பதிவேடு மாறாது.

பிறருடைய உரிமையையும் நாம் மதிக்க வேண்டும். நம் நாட்டில் காப்புரிமை விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டு செல்லும். பதிவு செய்த வடிவமைப்புக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. புதிய யந்திரத்தின் உறுப்பாயின், செய்விப்பதற்கு முன் இதனை விசாரித்துக்கொள்ளுதல் முறை. நம்மிடமுள்ள பழைய யந்திரங்கள் பலவற்றுக்கு அக்காலம் எப்போதோ கடந்துவிட்டது.

நம் சங்கத்தின் தார் சுற்றும் யந்திரம் இன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிட நமக்கு ஆறுதல் தருவது, அச்சக்கரத்தின் வரைபடம் அலுவலகப் பதிவேட்டில் இருப்பதே. இனி அது உடைந்தால் நாம் எவரையும் தேடி அலைய வேண்டியதில்லை. அங்கத்தினர்கள் தத்தம் தறிக்கூடத்திலும் களத்திலும் அடிக்கடி உடையும் உறுப்பு எது என்பதைக் கண்டு, அது முற்றிலும் தேய்ந்து போவதற்கு முன்னரே அளவெடுத்துச் சங்கத்துக்குத் தெரிவிப்பார்களாக. நல்ல நிலையிலுள்ள உறுப்பை அளப்பது எளிது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து அளப்பது கடினம்.